எல்லைக்கல்லுக்கு அங்குட்டு

முத்தழகு முளைப்பாரி போட்டு முளைக்காமல் போன வருஷம் கிடையாது. அவள் ஊர், அமராவதிபுதூருக்குக் கிழக்கே நாலு தெருவும் ஒரு கண்மாயும் உள்ள சிற்றூர். பங்குனித் திருவிழாவுக்குப் பெண்கள் சட்டியில் எருவும் மண்ணும் போட்டு, ஊறவைத்த பயறைத் தூவி, கோயில் வீட்டு இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளிப்பார்கள். மற்றவர்கள் பயிர் சாண் உயரம் என்றால் இவளுடையது முழ உயரம். கைராசிக்காரி என்று ஊர் சொன்னது. ஊர் அவளைப் பற்றிச் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான். மற்றபடி நாற்று நட்டாள், களை எடுத்தாள், ஒரே மகளைக் கட்டிக் கொடுத்தாள், மாமியார் சிட்டாளிடம் பொழுதன்னிக்கும் ஏச்சு வாங்கினாள்.

எழுபத்து மூன்றில் பள்ளத்தூரில் பெண்களுக்கு மருத்துவ முகாம் போட்டார்கள். நாள் கணக்கில்லாமல் உதிரம் படுகிறதே என்று முத்தழகும் போனாள். கர்ப்பப்பை வாயில் ஈரத்தை வழித்துக் கண்ணாடியில் தடவி எடுத்துப்போனார்கள். கொஞ்ச நாளில் நர்ஸ் தெரசம்மாள் வீடு தேடி வந்து, கண்ணாடி சரியில்லை, மதுரைக்குப் போய்க் காட்டு என்றாள். புருஷன் உடையப்பன் முனகிக்கொண்டே கூட்டிப்போனான்.

மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒன்றையும் மறைக்கவில்லை. "அயோடின் தடவுவேம்மா. நல்ல தோலு கறுத்துப்போகும். கறுக்காத எடத்துல அரிசி அளவு கிள்ளி எடுப்பேன். சுருக்குன்னு இருக்கும், அடிவயிறு இழுக்கும். நாலஞ்சு நாள் லேசாக் கசியும். அது தீட்டு இல்லை, புண்ணு ஆறுறது. பயப்படாதீங்க. குடம் தூக்காதீங்க, வீட்டுக்காரரோட சேராதீங்க."

"புத்துநோயா டாக்டரம்மா?"

"இன்னும் இல்லை. விட்டா ஆகும். பங்குனிக் கடைசியில வந்து படுங்க, அந்த எடத்தை மட்டும் வெட்டி எடுத்துருவோம். பேரன் கல்யாணம் பாப்பீங்க."

சொன்னபடியே சுருக்கென்றது, சொன்னபடியே அடிவயிறு இழுத்தது. திரும்பும் பஸ்ஸில் முத்தழகுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படிக்காதவள்தான், ஆனால் டாக்டரம்மா சொன்னதைச் சொல்லுக்குச் சொல் மனசில் ஏற்றிக்கொண்டாள்.

ஊருக்கு வந்தால் திருவிழாவுக்குக் காப்புக்கட்டு. காப்புக் கட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் எல்லைக்கல்லைத் தாண்டி வெளியே இராத் தங்கக்கூடாது. ஊருக்குள் சாவு விழுந்தால் திருவிழா நின்றுபோகும். அம்மன் சொன்னாளோ இல்லையோ, ஊர்த்தலைவர் அம்பலம் வீரையா சொன்னார்.

இலேசாகக் கசிந்துகொண்டுதான் இருந்தது. இது தீட்டு இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு என்ன பயம்? தலைக்குக் குளித்துவிட்டு, மதுரைக்குப் போகுமுன்பே போட்டிருந்த முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கப் போனாள். ஐயோ, அந்தச் சொல்லை ஊரும் நம்பும் என்று நினைத்தாளே, பைத்தியக்காரி! கொழுந்தன் பெண்டாட்டி அன்னக்கிளி பின்னாலேயே நின்றாள்.

"அக்கா, சேலையில என்ன கறை?"

"தீட்டு இல்லடி. டாக்டரம்மா கிள்ளுன புண்ணு."

"எங்குட்டுக் கிள்ளுனாக?"

முத்தழகு சொல்லவும் அறையே கொல்லென்று சிரித்தது. அன்னக்கிளி சிரிக்கவில்லை. நேரே அம்பலத்திடம் போனாள். இனி ஊரில் கைராசிக்காரி வேறு ஒருத்தி இருக்கலாம் அல்லவா? முழங்கை உயரம் நின்ற பயிரைச் சட்டியோடு கண்மாயில் எறிந்தார்கள். ஊர் முன்னால் உடையப்பனை விழுந்து கும்பிட வைத்தார்கள். அவன் வீட்டுக்கு வந்து அவளைக் கன்னம் வீங்க அறைந்தான்.

"இனி ஆஸ்பத்திரின்னு வாயத் தொறந்தே, மனுசனா இருக்க மாட்டேன்."

திருவிழா முடிந்ததும் தெரசம்மாள் வந்தாள். "வெட்டி எடுத்தா சரியாப் போயிரும். தள்ளிப்போடாதீங்க, பெறகு உசுரு போச்சேன்னு அழாதீங்க" என்று வாசலில் நின்று கெஞ்சினாள். "அவ மக வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள் சிட்டாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே. முத்தழகு கொல்லையில் சாணிக் கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவாசலில் உடையப்பன் நின்றான். கூப்பிட்டிருக்கலாமே என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை, அடிபட்டவளுக்குத்தான் அது தெரியும். தெரசம்மாள் மறுபடியும் வந்து பார்த்தாள், பிறகு மாற்றலாகிப் போய்விட்டாள்.

அடுத்த பங்குனிக்குள் உதிரம் நிற்காமல் போயிற்று. நாற்றமும் சேர்ந்துகொண்டது. தீராத தீட்டு என்று சிட்டாள் அவளை மாட்டுக்கொட்டகையில் போட்டாள். கஞ்சிச் சட்டியைக் கம்பால் தள்ளிவிட்டாள். நல்ல குடும்பம், போங்கள்! காப்புக்கட்டு அன்று மத்தியானம் அம்பலம் தெருவில் நின்றபடியே கூப்பிட்டார்.

"உடையப்பா, இவ தாங்க மாட்டா போலருக்கே. காப்புக்குப் பெறகு போயிட்டா ஊருக்கு என்ன பதில் சொல்லுவே? எல்லைக்கு அங்குட்டுக் கொண்டுபோயி வையி."

உடையப்பன் வண்டி பூட்டினான். வைக்கோல் பரப்பி அவளைத் தூக்கிக் கிடத்தினான். வருஷம் ஒன்றாகத் தொடாதவன் தொட்டதும் அவள் முகம் மலர்ந்துபோயிற்று.

"ஆஸ்பத்திரிக்கா?"

"ம்."

வேறு சேலை கேட்டு வாங்கி மேலே போர்த்திக்கொண்டாள். வழியெல்லாம் ஓயாமல் பேசினாள். "அரிசி அளவுதான் எடுப்பாக. சுருக்குன்னு இருக்கும், அம்புட்டுத்தான். பெறகு அந்த எடத்தை மட்டும் வெட்டிருவாக. நான் படுத்திருந்தா ஒங்களுக்கு யாரு கஞ்சி காய்ச்சுவா?"

எல்லைக்கல் தாண்டியது. பஸ் ரஸ்தாவுக்கு நேரே போகவேண்டிய வண்டி வயலுக்குள் திரும்பியது.

"இந்தாங்க, பஸ்ஸு அங்குட்டுல்ல வரும்?"

அவன் மாட்டை விரட்டினான். பம்புசெட்டு அறையில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு அவளைக் கிடத்தினான். பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைத்தான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

"நான் இருட்டுறதுக்குள்ள ஊருக்குள்ள போயிறணும். இன்னைக்குக் காப்பு. வெளிய தங்கப்படாது."

"அது எனக்குத் தெரியாதா? வெரசாப் போங்க" என்றாள் முத்தழகு. "டாக்டரம்மா இங்குட்டே வந்துருவாகள்ல?"

"வருவாக" என்று சொல்லிவிட்டு அவன் கதவை வெளியே சாத்தினான்.