கரையில் நிற்கும் மரப் பெண்கள்

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

இன்று திருப்பாலைவனத்திலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஏரி தெரியும் வளைவில் பார்த்தால், கரையோரம் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். சிவப்பும் பச்சையுமாகச் சேலைகள். எல்லோர் முகமும் தண்ணீர்ப் பக்கம். ஒருத்தியும் அசையவில்லை.

எங்கள் ஊரில் கரையில் அப்படி நிற்பது ஒரு படகு திரும்பாத நாளில்தான். என் தம்பி திரும்பாத அன்று யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்பதுகூட எனக்கு மறக்கவில்லை. இன்று என் மகன் இந்த ஏரி வழியாகக் கடலுக்குப் போயிருந்தான்.

கண்டக்டரிடம் கத்தி, இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். கிட்டே போனால் எல்லாம் செதுக்கிய மரம். பெயின்ட் இன்னும் காயவில்லை.

பிரஷ்ஷோடு நின்ற பெண், "ஊரை அழகுபடுத்தறோம் தாத்தா. நல்லா இருக்கா?" என்றாள்.

"நல்லாத்தான் கீது. இவங்க யாருக்கோசரம் நிக்கறாங்க?"

"சும்மா ஏரியைப் பார்க்கறாங்க."

மகன் வரும்வரை வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. அவர்களோடு நானும் நின்றேன்.

படகிலிருந்து குதித்தவனின் முகம் வெளிறியிருந்தது. "இன்னா நைனா, யாரு போட்டு திரும்பல?"

"யாருதும் இல்லடா. மரப் பொம்மை."

"அதுங்க பொம்மை, சரி. நடுவுல நீ ஏன் நிக்கற? அத்தப் பார்த்துதான் எனக்கு உசுரே போச்சு."

நாளை அந்தப் பெண்ணிடம் சிலைகளை ரோட்டுப் பக்கம் திருப்பி வைக்கச் சொல்லப்போகிறேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?