மஞ்சள் பிடித்த சம்பா

மரக்காணத்து உப்பளங்களுக்கு மேற்கே, போர்வெல் தண்ணீர் பாய்கிற நிலம் எங்களுடையது. கணவர் வேன் ஓட்டுகிறார். வயல் என் பொறுப்பு. அந்த வருடம் தழையுரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, இளசாக இருக்கும்போதே மடக்கி உழுதுவிட்டு, சம்பா நெல் நடலாம் என்று நினைத்தேன். டிராக்டர்காரர் இன்றைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்ததில் பூண்டு என் தலைக்கு மேல் வளர்ந்து, தண்டு சுள்ளியாக முற்றிவிட்டது. ஒருவழியாக உழுது, தண்ணீர் கட்டி, நட்டு முடித்தோம்.

பச்சை பிடிக்க வேண்டிய நேரத்தில் பயிர் வெளிறி மஞ்சளானது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து திரும்பும்போது கணவர் வரப்பில் இறங்கிப் பார்த்தார்.

"என்னாம்மா, காமாலை வந்த மாதிரி இருக்குது? யூரியா போட்டுட்டா முடிஞ்சிது."

"இவ்ளோ தழைய உள்ள போட்டும் ஏன் இப்பிடி கெடக்குதுன்னு கேட்டுட்டு வர்றேன், இருங்க" என்றேன்.

மறுநாள் வானூருக்கு பஸ் ஏறினேன். வேளாண்மை அலுவலகத்தில் இருந்த அதிகாரி அம்மா, நான் கொண்டுபோன மண்ணில் கிடந்த தண்டை ஒடித்துப் பார்த்தார்.

"முத்திப் போச்சுங்க. இத மக்க வைக்கிற நுண்ணுயிருங்களுக்கே தழைச்சத்து வேணும், அதான் யூரியாவுல இருக்கற சத்து. மண்ணுல இருக்கறத மொதல்ல அதுங்க எடுத்துக்கும். தண்டு மக்கி முடிஞ்சா அதுங்களும் சாகும், எடுத்த சத்து மண்ணுக்கே வந்துடும். அப்பதான் பயிருக்குக் கெடைக்கும். அதுவரைக்கும் யூரியா போடாம பொறுங்க."

அதாவது, சமையல்காரர்களே முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்கள்!

"தண்ணிய தேக்கியே வைக்காதீங்க. லேசா வடிய விட்டு, அப்புறம் பாய்ச்சுங்க. ஆனா முழுசா காய விட்றாதீங்க, உங்க பக்கம் உப்பு மேல ஏறிடும்" என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று முதல் மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் சேற்றில் விரலை விட்டு ஈரம் பார்ப்பதுமாக அலைந்தேன். பயிர் அசையவில்லை. ஆனால் மோட்டார் கொட்டகையை ஒட்டிய துண்டு மட்டும் ஒரு வாரத்தில் கருகருவென்று ஆகிவிட்டது.

"இது மட்டும் எப்பிடி?" என்று கேட்டேன்.

கணவர் வேன் கண்ணாடியை ரொம்ப அக்கறையாகத் துடைத்தார். "ஒரு மூட்டை யூரியா வாங்கினேன். அங்க மட்டும் வீசிட்டேன்."

போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டு அந்தத் துண்டைக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது. பேசாமல் நானும் யூரியாவைப் போட்டுத் தோற்றுப் போய்விடலாமா என்றுகூட யோசித்தேன்.

அப்புறம் ஒரு காலையில் குருத்தில் பச்சை தெரிந்தது. வெயில் செய்கிற வேலையோ என்று குனிந்து, கையால் மறைத்துப் பார்த்தேன். பச்சைதான். அடுத்தடுத்த நாட்களில் மேட்டிலிருந்து பள்ளம்வரை பரவியது. உப்பங்கழியை ஒட்டிய மூலை மட்டும் கடைசிவரை தேறவில்லை. அது உப்பின் கைவரிசை.

கணவருடைய துண்டுக்கு யூரியாவும் கிடைத்தது, மண் விட்ட சத்தும் சேர்ந்தது. பயிர் கொழுத்து, இடுப்புக்கு மேல் வளர்ந்து, கார்த்திகை மழையில் பாய் விரித்த மாதிரி படுத்துவிட்டது. அறுப்பு மெஷின்காரர் மற்றதையெல்லாம் மளமளவென்று அறுத்துவிட்டு அதன் எதிரே வண்டியை நிறுத்தினார். "இதுல ஓட்டினா பாதி நெல்லு சேத்துலதாங்க போவும்."

கணவர் சவாரியை விட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு அரிவாளோடு இறங்கினார். நானும் இறங்கினேன். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அறுத்தேன்.

"சிரிக்கணும்னா சிரிச்சுட்டு அறு. அடக்கிக்கினு அறுத்தா கைய வெட்டிக்குவ" என்றார்.

சிரித்துவிட்டேன். அவரும்தான்.