கோட்டில்லாத பார்லி

கனடாவில், மல்வேர்னிலிருந்து பாதர்ஸ்ட் தெருவுக்கு இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் பிடிக்கவேண்டும். ஆறு வருடமாக அந்த வழியே போய்வருகிற பிரசாந்தினி, அங்கே ஒரு யூதப் பாலர் பள்ளியில் உதவி ஆசிரியை. ஆசிரியையை அவர்கள் ‘மோரா’ என்பார்கள். பிரசாந்தினி என்ற பெயர் நாலு வயது வாய்களுக்குள் நுழையாததால், அவள் ‘மோரா பிரசா’ ஆகிவிட்டாள்.

பாலுக்கு ஒரு பாத்திரம், இறைச்சிக்கு இன்னொன்று, இரண்டும் ஒன்றையொன்று எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது என்று முதல்நாள் சொன்னபோது கூடச் சேர்ந்தவர்கள் தலையைச் சொறிந்தார்கள். அவளுக்கு அது புதினமில்லை. அவள் வீட்டில் வெள்ளிக்கிழமை மரக்கறிச் சட்டிக்குள் மச்சக் கரண்டி விழுந்தால் பூகம்பம்தான். ஆகவே அந்தச் சட்டத்தில் அவள் ஒருநாளும் பிழை விட்டதில்லை. பிழை வேறு இடத்தில் காத்திருந்தது.

இந்த வசந்தத்தில், பாஸ்கா விடுமுறை முடிந்த கையோடு பொறுப்பாளர் டெவோரா அவளைக் கூப்பிட்டார்.

“பாஸ்காவிலிருந்து ஷாவுவோட் பண்டிகை வரை ஒவ்வொரு நாளையும் எண்ணுவோம், தெரியும்தானே? முன்னோர்களுக்கு அது பார்லி அறுவடையில் தொடங்கிக் கோதுமை அறுவடையில் முடிகிற காலம். பிள்ளைகள் தங்கள் கையாலேயே பார்லி விதைக்கட்டும். முழுக்க உன் பொறுப்பு. பண்டிகைக்கு முதல்நாள் பெற்றோர் பார்க்க வருவார்கள். செப்டம்பரில் ஒரு வகுப்புக்கு ஆசிரியை தேவை. உன்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.”

பிரசாந்தினிக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வேலை முடிந்து, இரவு வகுப்புக்கு ஓடி ஓடி அவள் படித்ததெல்லாம் இந்த ஒரு வகுப்புக்காகத்தான். அன்று மாலையே அஜின்கோர்ட் தமிழ்க்கடைக்குப் போய்ப் பார்லி வாங்கினாள். உடம்புச் சூட்டுக்குக் கஞ்சி காய்ச்ச எல்லா வீட்டிலும் இருக்குமே, அதே பக்கெற். வெள்ளை வெளேரென்று வடிவாயிருந்தது.

பிள்ளைகள் மண்ணை அள்ளிக் கப்புகளில் நிரப்பி, மூக்கிலும் கொஞ்சம் பூசிக்கொண்டு, பார்லியைப் புதைத்தார்கள். நோவம் மட்டும் கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு நின்றான். குழப்படிக்காரப் பிள்ளையென்றால் சமாளிக்கலாம், அவன் கவனமான பிள்ளை. “பிழையாகிப் போனால்?” என்று கேட்காமல் ஒரு பென்சிலைத் தொடமாட்டான். நாலு வயதில் பிழை விடாமல் நாற்பதிலா விடுவது?  அவன் கப்பிலும் அவளே நட்டாள்.

ஒவ்வொரு காலையும் நாளை எண்ணினார்கள், கப்பை எட்டிப் பார்த்தார்கள். மண் மண்ணாகவே இருந்தது. “நாளைக்கு வரும், குஞ்சு,” என்று அவள் செல்லமாகச் சொல்லிச் சொல்லி, வகுப்பே தன் பொம்மைகளைக் ‘குஞ்சு’ என்று கூப்பிடத் தொடங்கியது. பார்லி மட்டும் மசியவில்லை.

ஒருநாள் இரவுச் சாப்பாட்டில் கணவன் திலக்சனிடம் வாய்விட்டுப் புலம்பினாள்.

“எந்தப் பார்லி போட்டனீர்?”

“எங்கட கஞ்சிப் பார்லிதான்.”

திலக்சனுக்குச் சிரிப்பில் புரைக்கேறிவிட்டது. “அது தீட்டின பார்லியெல்லோ! உமியும் போய், முளையும் போய். நீர் கஞ்சியையெல்லோ விதைச்சிருக்கிறீர்!”

“இளிக்காதேங்கோ. எனக்குச் செப்டம்பரும் போச்சு, மானமும் போச்சு.”

அவள் கண் கலங்கியதைக் கண்டு அவன் அடங்கினான். “கடையிலை முழுக்கோதுமை இருக்கு. விடிய வெள்ளனப் போய் கப்புகளுக்கை போட்டுவிடும். ஆருக்குத் தெரியப்போகுது?”

அப்படியே செய்ய நினைத்துத்தான், இரவே கடைக்கு ஓடி வாங்கிய கோதுமையோடு மறுநாள் முதல் பஸ்ஸில் போனாள். முதல் கப்பில் விரலை விட்டதுதான் தாமதம், பின்னால் ஒரு குரல்.

“மோரா, என் கப்பில் என்ன செய்கிறாய்?”

நோவம். அவன் அம்மாவுக்கு அன்று வேலை வெள்ளனத் தொடங்கியதால் அவனை முன்கூட்டியே விட்டுப் போயிருந்தாள். கைகள் வழக்கம்போலச் சட்டைக்குள்.

தண்ணி விடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

“நான் பிழை விட்டிட்டன், நோவம். முளைக்காத பார்லியை நட்டுட்டன்,” என்றாள். அவள் ஆங்கிலத்தில்தான் சொன்னாள். ஆனால் மனசு தமிழில்தான் பதறியது.

அவன் கண் விரிந்தது. “மோராக்களும் பிழை விடுவார்களா?”

“விடுவம். நல்லாய் விடுவம்.”

“யாரும் ஏசினார்களா?”

“இல்லை. வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிச்சவர்.”

நோவம் கொஞ்சம் யோசித்தான். பிறகு அவனும் சிரித்தான். ஒரு கை மெல்லச் சட்டையிலிருந்து வெளியே வந்து மண்ணுக்குள் போய், பிசுபிசுவென்று ஏதோ ஒன்றைத் தூக்கியது. “மோரா! இது சூப்!”

அன்றைக்கு வகுப்பில் வேறு பாடமே இல்லை. ஒவ்வொருவனும் தன் சூப்பைக் கிண்டினான். பார்லியையும் முழுக்கோதுமையையும் மேசையில் பரப்பித் தடவிப் பார்த்தார்கள். “கோதுமைக்குக் குளிர்க்கோட்டு இருக்கிறது. பார்லியின் கோட்டை யாரோ கழற்றிவிட்டார்கள்,” என்று தீர்ப்புச் சொன்னது நோவம்தான். கனடாப் பிள்ளைக்கு அதற்குமேல் விளக்கம் தேவையா? எல்லாரும் கோதுமை விதைத்தார்கள். நோவம் மட்டும் இரண்டு கப் கேட்டான். ஒன்றில் கோதுமை, மற்றதில் வேண்டுமென்றே பார்லி.

பண்டிகைக்கு முதல்நாள் வகுப்பறை முழுக்கப் பச்சை. சாண் உயரக் கோதுமைப் பயிர், பண்டிகை வழக்கப்படி பிள்ளைகள் உறிகட்டி வடித்த பாற்கட்டி, பெற்றோர் கூட்டம். டெவோரா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவர் மொட்டைக் கப் ஒன்றின் முன் நின்றார்.

“இது ஏன் வெறுமையாக இருக்கிறது?”

 பிரசாந்தினியின் செப்டம்பர் கண்முன்னே ஆற்றோடு போனது. அதற்குள் முழங்கைவரை மண்ணோடு நோவம் புகுந்தான்.

“அது மோராவின் பிழை! கோட்டில்லாத பார்லி. என்னுடையது. யாரும் எறியக்கூடாது!”

அவன் அம்மா மகனின் கைகளையே பார்த்தபடி நின்றாள். பிறகு, சுத்தமான தன் வெள்ளைச் சட்டையோடு அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். டெவோரா அந்தக் கப்பைத் தூக்கி மேசையின் நடுவில் வைத்துவிட்டு, பிரசாந்தினியின் பக்கம் திரும்பினார்.

“செப்டம்பர் வகுப்புக்கு விதை வாங்கும்போது என்னிடமும் ஒரு வார்த்தை கேள்.”

பஸ்ஸில் ஏறியதும் ஏறாததுமாகத் திலக்சனுக்கு ஃபோன் எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ,” என்றாள், சிரிப்பும் அழுகையுமாக, “கஞ்சி முளைச்சிட்டுது.”