பாரை மீன் பலகை ஏறிய கதை

கம்பனிகளுக்குத் திரையில் அசைந்து ஓடும் சின்னம், அதாவது லோகோ, செய்கிற தொழிலில், நாம் செய்தது திரையில் ஓடுவது மூன்றே செக்கன். அபிப்பிராயம் சொல்ல வருகிறவர்களோ தேத்தண்ணீர் குடித்து முடிக்கும்வரை எழும்ப மாட்டார்கள். ஒரு கையில் அகப்பையும் மறுகையில் மவுஸுமாக மல்லாடுகிற சகோதரிகளே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல.

மகள் கொழும்புக்கு வேலைக்குப் போனபோது விட்டுப்போன லெப்டொப்பில் படங்களை அசைக்க நானாகவே பழகினேன். கொன்வென்ட்டில் சிஸ்டர்மார் கற்றுத்தந்த பூத்தையலைவிட இது எவ்வளவோ மேல். அந்த நேரத்தில்தான் காற்றுக்குப் பேர்போன கண்டக்குழிக் கரையில் லொட்ஜ் நடத்துகிற ரொஷான், பின்பக்கக் கொட்டிலில் ஸ்கேட்போர்ட் செய்து விற்கிற கம்பனி ஒன்றைத் தொடங்கினான். திறப்புவிழாவில் பெரிய திரையில் ஓட ஒரு சின்னம் வேண்டுமாம். நான் செய்கிறேன் என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் கதவைச் சாத்தி இருந்து வேலை செய்யக்கூடியது வெங்காயம் சேர்த்துவைக்கிற அறை ஒன்றுதான். என் கணவர் அன்ரன் மனமில்லாமல் அதை ஒழித்துத் தந்தார். "திறப்புவிழா வரைக்கும்தான். சரிவந்தா உன்ட அறை. சரிவராட்டி வெங்காயத்துட அறை."

எல்லாம் வேணும்

ரொஷான் ஆசைகளோடு வந்தான். பலகையில் ஒரு மீன் ஏறவேண்டும். பின்னால் கடல், அதற்கு மேலே சூரியன், பக்கத்தில் ஒல்லாந்தர் கோட்டை, இரண்டு தென்னை, வானத்தில் வெள்ளைக்காரர் கடலில் சறுக்க விடுகிற பட்டம். கடைசியில் கம்பனியின் பெயர். எல்லாம் மூன்று செக்கனுக்குள்.

"தம்பி, பஸ்ஸில ஏத்துற சனத்தை முச்சக்கரவண்டியில ஏத்தச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். கோட்டையை இறக்கினேன், தென்னையை இறக்கினேன், சூரியனையும் இறக்கினேன். அவன் முகம் சுருங்கிக்கொண்டே போய், கடைசியில் தெளிந்தது. "சரி அன்ரி, மீனும் பேரும் போதும். ஆனா அந்த மீனைப் பார்த்தா, காத்து அடிக்குது எண்டு தெரியணும்."

பிலோமினாவின் தீர்ப்பு

குசினியில் அறுக்க வைத்திருந்த பாரை மீனை, அறுக்குமுன் பக்கத்தில் வைத்துப் பார்த்து லெப்டொப்பில் அப்படியே கீறினேன். செதில் செதிலாக, வால் நுனிவரை. அதைத் துள்ளவைத்தேன், பலகையில் ஏற்றினேன், சில்லுகளைச் சுழலவிட்டேன். எனக்கே கைதட்ட வேண்டும்போல இருந்தது. அடுத்த வீட்டிலிருக்கும் அன்ரனின் தங்கை பிலோமினாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவள் திரைக்குக் கிட்டப் போனாள், மூக்கைச் சுருக்கினாள். பிறகுதான் நானும் பார்த்தேன். கண் வெளுத்திருக்கிறது. செவுள் மண்ணிறம். வயிறு தொய்ந்திருக்கிறது. நான் துள்ளவைத்தது பிரேதத்தை! இந்தக் கரையில் கண்ணுள்ள ஒருவரும் அதை மன்னிக்கமாட்டார்கள். பிலோமினா இரக்கத்தோடு என் தோளைத் தொட்டாள். "ஐயோ மச்சாள், இந்த மீனை யாரு உங்கட தலையில கட்டினது?"

கோயில் மண்டபத்தில்

விடியற்காலையில் வள்ளங்கள் வரும் இடத்துக்கு ஓடினேன். வலையிலிருந்து துள்ளுகிற பாரையை ஃபோனில் படம்பிடித்து வந்து புதிதாகக் கீறினேன். மீனுக்கு உயிர் வந்துவிட்டது, ஆனால் பலகையில் மெழுகுதிரிபோல விறைத்து நின்றது. அதில் ஏறி நிற்கிற உடம்புக்கு என்ன நடக்கிறது என்று எனக்கே தெரியாதபோது மீனுக்கு எப்படித் தெரியும்?

ரொஷானிடம் ஒரு பலகையை இரவல் வாங்கினேன். ஊரில் வழுவழுப்பான நிலம் எங்கள் ஃபாதரின் கோயில் மண்டபத்தில்தான் இருக்கிறது. பிலோமினா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொள்ள, ஏறி நின்று காலால் ஒரு உந்து உந்தினேன். பிலோமினாவின் கை நழுவியது. நான் பறந்தேன்! முழங்கால் தானாக மடிந்தது, உடம்பு பதுங்கியது, அதற்குப் பிறகுதான் வேகம் வந்தது. இதுதான், இதுதான், மீனும் முதலில் பதுங்கவேண்டும் என்று கத்திக்கொண்டே போய்க் கதிரை அடுக்கில் மோதி நின்றேன்.

வாசலில் ஃபாதர் நின்றார். கதிரைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார். "கத்தின சத்தத்துக்கு யாரோ சாகக் கிடக்கிறாங்க எண்டு, அவஸ்தைப்பூசுதல் குடுக்க நான் எண்ணெயோட ஓடி வாறன். யாருக்கும் தேவையில்லாட்டி, கதிரைகளை அடுக்கிப்போட்டுப் போங்க."

காற்று ஊதிய திரை

திறப்புவிழா அன்று பொழுதுபட்டதும், இரண்டு தென்னைகளுக்கு நடுவே கட்டிய வெள்ளைச் சீலையில் படத்தை விட்டார்கள். கண்டக்குழிக் காற்று சும்மா இருக்குமா? சீலை படபடவென்று அடித்தது. ரொஷான் தலையில் கைவைத்தான். கூட்டத்தின் கடைசியில் கைகட்டி நிற்கிற அன்ரனைக் கண்டதும், வெங்காயம் மூட்டை மூட்டையாக அறைக்குள் திரும்பப் போவது என் கண்முன்னே தெரிந்தது.

மீன் பதுங்கியது. துள்ளியது. அது பலகையில் இறங்கிய அதே கணத்தில் காற்று சீலையை எங்கள் பக்கமாக முட்ட ஊதியது. பாரை திரையைவிட்டு எங்கள் தலைக்கு மேலே பாய்ந்து வந்தது! முன்வரிசைப் பிள்ளைகள் வீரிட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்தார்கள். கம்பனியின் பெயர் விழுந்ததோ இல்லையோ, "திரும்பப் போடுங்க! திரும்பப் போடுங்க!" ரொஷான் திரும்பத் திரும்பப் போட்டான். ஒவ்வொரு தரமும் அதே கூச்சல், நானும் சேர்ந்துதான். கற்பிட்டியில் லொட்ஜ் வைத்திருக்கிற ஒரு மனுசி என் கையைப் பிடித்து, தனக்கும் ஒன்று வேணும் என்றாள்.

அன்ரன் சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "வெங்காயத்துக்கு வெளிய ஒரு கொட்டில் போடுவம். ஆனா ரொஷானிட்ட இன்னொருக்காப் போடச் சொல்லு, எனக்கு எல்லாத் தரமும் முன்னால நிண்டவன்ட தலைதான் தெரிஞ்சிச்சு."

வலை வீசாமல், வள்ளம் ஏறாமல், ஒரே ஒரு மீனைக்கொண்டு முழு அறை ஒன்றைப் பிடித்தவள் இந்தக் கரையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.