பல் டாக்டரைக் காணவில்லை

மைக் அக்காவுக்கு வீட்டில் வேறு பெயர் உண்டு. பேருந்து நிலையத்தில் அது யாருக்கும் தெரியாது. கண்டக்டர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் தினமும் வேலைக்குப் போய்வருகிறவர்களுக்கும் அவர் மைக் அக்காதான். அவரைவிட மூத்த டிரைவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுவார்கள். நிலையத்தின் நடுவில் நான்கு பக்கமும் கண்ணாடி போட்ட ஓர் அறை. உள்ளே ஒரு மேசை, நாற்காலி, நின்று நின்று ஓடும் ஒரு மின்விசிறி, கழுத்து வளைந்த மைக். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யாருடைய பை அனாதையாகக் கிடக்கிறது, எந்தக் குழந்தை அம்மாவைத் தேடி அழுகிறது, எல்லாம் அங்கிருந்துதான் வெளியே தெரியும்.

இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. கொஞ்சம் கட்டைக் குரல். ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து காதில் உட்காரும். இன்ஜின் இரைச்சலுக்கு மேலே ஏறிக் கத்தாமல், அதன் இடுக்கில் புகுந்து வரும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வேறொருவரைப் படிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மேடையாகப் போய் நின்று, எந்தச் சொல் காற்றில் கரைகிறது என்று கேட்டுப் பார்த்தார். 'வரும்' என்றால் வால் அறுந்து 'வரு' என்றுதான் கேட்கிறது. அதனால் அவருடைய பேருந்துகள் எல்லாம் 'வந்துகொண்டிருக்கிறது' ஆயின.

அக்காவின் முன்பக்கத்து மேல்பற்களைப் பறித்ததும் ஒரு பஸ்தான். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியில், குறுக்கே புகுந்த ஸ்கூட்டருக்காக டிரைவர் பிரேக்கை மிதிக்க, அக்காவின் வாய் முன்சீட்டுக் கம்பியில் மோதியது. இரண்டு பற்கள் அங்கேயே விழுந்தன. ஆடிக்கொண்டிருந்த மற்ற இரண்டையும் அரசு மருத்துவமனையில் பிடுங்கினார்கள். பல் கட்ட இங்கே வசதி இல்லை, வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

அவருடைய கணவர் டெப்போவில் மெக்கானிக். வீக்கம் வடிந்த பிறகு, "கல்யாணமான நாள்லேருந்து உன் வாயை அடக்க நானும் பாக்கறேன், கடைசியில ஒரு பிரேக் அடக்கிடுச்சு பாரு" என்றார். அக்கா சிரிக்கப் போய் வாயைக் கையால் மூடிக்கொண்டார். அந்தக் கை பிறகு அங்கேயே தங்கிவிட்டது.

தமிழில் 'த' சொல்ல நாக்குக்குப் பல் வேண்டும். 'ந' சொல்லவும் வேண்டும். பல் இருக்கிறவரை இது யாருக்கும் தெரிவதில்லை. நாக்கு பழக்கதோஷத்தில் போய்த் தொடும். அங்கே சுவர் இல்லை. காற்று சீறிக்கொண்டு வெளியே ஓடும். 'பத்தாவது மேடை' ஒலிபெருக்கியில் 'பஸ்ஸாவது மேடை' என்று வந்தது. பத்தாவது மேடையில் நின்ற கல்லூரிப் பையன்கள் கண்ணாடியைத் தட்டி, "பஸ்ஸாவது வருமா, மேடையாவது வருமா அக்கா?" என்று கேட்டுவிட்டு ஓடினார்கள்.

அக்கா சொற்களை மாற்றிப் பார்த்தார். பத்தாவது மேடை 'கடைசி மேடை' ஆனது. தாமதம் 'லேட்' ஆனது. துறைமுகம் போகும் வண்டியை 'கப்பல் பக்கம் போற வண்டி' என்று சொல்லி அந்தக் கண்டக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் வண்டியின் எண்ணை எப்படி மாற்றுவது? பதினாலும் பதினேழும் ஒரே சீறலாகக் கேட்டன. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் பதினேழுக்குப் பதில் பதினாலில் ஏறி, எங்கோ போய் இறங்கி நின்று அழுதிருக்கிறார். அவருடைய கணவர் நிலைய மேலாளரின் அறைக்கு வந்து கத்திவிட்டுப் போனார்.

மேலாளர் நல்ல மனிதர். மேலிடத்துக்குப் பயப்படுகிற நல்ல மனிதர். மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கொள்கிறேன், அதற்குள் பல்லைக் கட்டிக்கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் பார்சல் ரூமுக்கு மாற்றிவிட்டு, பதிவு செய்த குரலைப் போட்டுவிடுவோம் என்றார். சம்பளம் குறையாது என்று ஆறுதலும் சொன்னார். அன்று சாயங்காலம் அக்கா கணவரிடம், "அங்க உக்காந்து மூட்டைங்ககூடவா பேசச் சொல்றாரு?" என்று கேட்டார்.  மைக் இல்லாத மனைவியை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இந்தச் சமயத்தில்தான் அரசு புதிய பல் காப்பீட்டுத் திட்டத்தைக் கொண்டுவந்தது. நிலையத்தில் அதை மணிக்கொருமுறை அறிவிக்கச் சொல்லி உத்தரவு வந்தது. "இனிப் பல்வலிக்குப் பயம் இல்லை. அட்டையைக் காட்டி, உங்கள் பகுதியில் உள்ள எந்தப் பல் மருத்துவரிடமும் இலவசமாகச் சிகிச்சை பெறலாம்." பல் இல்லாத வாயால் அக்கா இதைப் படித்தார். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், அட்டை கைக்கு வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் நினைத்தார். அட்டையும் வந்தது. பளபளவென்று, மேலே ஒரு முழுக் குடும்பம் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

முதலில் போன இடத்தில், பதிவு செய்யப் போட்டிருக்கிறோம், இன்னும் வரவில்லை, அடுத்த மாதம் வாருங்கள் என்றார்கள். அடுத்த இடத்தில் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை. அந்தக் கம்ப்யூட்டரில்தான் வரவேற்பில் இருந்த பெண் சினிமா பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னோர் இடத்தில் அட்டைக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை டாக்டருக்கு விடுமுறை. ஒரு டாக்டர் மட்டும் தாராளமாக, "பல்லப் பிடுங்கணும்னா அட்டையில பண்ணிடலாம்மா. கட்டறதுக்குத்தான் இல்ல" என்றார். "பிடுங்க என்ன சார் மிச்சம் வச்சிருக்காங்க?" என்று கேட்டுவிட்டு அக்கா எழுந்து வந்தார்.

கடைசியாக நிலையத்துக்கு நேர் எதிரே இருந்த கிளினிக்குக்குப் போனார். கண்ணாடிக் கதவு, குளிர்ச்சியான அறை, ஒரு மீன் தொட்டி. டாக்டரே வெளியே வந்தார்.

"அட்டையா? நாங்க அதுல சேரலம்மா."

எல்லா டாக்டரும் சேர்ந்தாச்சு என்று நான்தானே தினமும் படிக்கிறேன் என்றார் அக்கா.

"படிக்கிறது உங்க வேலை, பாக்கறது என் வேலை. அந்த ஸ்பீக்கர் இந்தப் பக்கம் பாத்து இருக்கு. பஸ்ஸ விட்டு இறங்கறவங்க நேரா இங்கதான் வர்றாங்க. கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லுங்களேன்."

அக்கா தெருவைக் கடந்து வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். முடியாது என்று ஒரு பலகை எழுதி வாசலில் மாட்ட அந்த டாக்டர்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. அடுத்த மாதம், அடுத்த வாரம், மிஷின் சரியில்லை என்று மழுப்பினார்கள். அறிவிப்பை எழுதிய அதிகாரியோ டாக்டர்களைக் கேட்காமலே 'எந்தப் பல் மருத்துவரிடமும்' என்று எழுதிவிட்டார். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில், கன்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு குரல்தான். அது மைக் அக்காவின் குரல்.

மூன்றாவது மேடையின் பழக்கடைக்காரம்மா அதை நேராகவே வந்து கேட்டாள். வலி தாங்காமல் கடையை மூடிவிட்டு அலைந்துவிட்டு வந்திருந்தாள். கன்னம் வீங்கிக் கண் சிறுத்திருந்தது. "நீ சொன்னன்னுதானடி போனேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். எதுக்குடி எங்கிட்டப் பொய் சொன்ன?"

 அடுத்த மணிக்கான அறிவிப்பின் நேரம் வந்தது. அக்கா மைக்கைப் போட்டு, அரசு எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் படித்தார். பிறகு, காணாமல் போன குழந்தைகளுக்குப் பயன்படுத்துகிற அதே நிதானத்தில், ஓட்டை வாயால் தொடர்ந்தார்:

"பயணிகள் கவனத்துக்கு. மேற்படி அட்டையை வாங்கிக்கொள்ளும் பல் டாக்டர் ஒருவரைக் காணவில்லை. கண்டவர்கள் அவரை மைக் அறைக்கு அழைத்து வரும்படி கேட்டுக்கொள்கிறோம்."

 முதல் மேடையிலிருந்து கடைசி மேடைவரை சிரிப்பு ஓடியது. இந்தத் தடவை அவருடைய 'த'வைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. மேலாளர் வேட்டியில் தீப்பிடித்தவர்போல ஓடிவந்தார். தொலைந்துபோனதை அறிவிப்பது என் வேலைதானே சார் என்றார் அக்கா. இன்னொரு தடவை இப்படிச் செய்தால் மாசக் கடைசிவரைகூடப் பொறுக்க மாட்டேன் என்று மேலாளர் சொல்லிவிட்டுப் போனார். அவர் தன் அறைக்குப் போய்ச் சேர்வதற்குள் அக்கா இன்னொரு தடவை படித்தார்.

மறுநாள் மத்தியானம், கிளினிக் சாத்தியிருக்கும் நேரத்தில், எதிர் டாக்டரின் வரவேற்புப் பெண் அக்காவைத் தேடி வந்தாள். அங்கே பெரிய ரகளையாம். போகிற வருகிறவர்கள் எல்லாம் கதவைத் திறந்து, "டாக்டர் கிடைச்சுட்டாரா?" என்று கேட்கிறார்களாம். காசு கொடுத்துப் பார்க்க வந்தவர்களும் சேர்ந்து சிரிக்கிறார்களாம். அக்காவை உடனே கூட்டி வரச் சொன்னாராம் டாக்டர்.

டாக்டர் அக்காவைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். அட்டையை வாங்கிக்கொண்டு மேசையின் இழுப்பறையைத் திறந்தார். உள்ளே அட்டையைத் தேய்க்கிற மிஷின் இருந்தது, மேலே ஒட்டிய பிளாஸ்டிக் காகிதம்கூடக் கிழிக்காமல். தேய்த்தார். உடனே பச்சை விளக்கு எரிந்தது. சேரவில்லை என்று சொன்னவர் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறார். அக்கா அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை டாக்டரும் பார்த்தார்.

பிறகு அளவெடுக்க, ஓர் அச்சில் பசைபோன்ற மாவைக் குழைத்து மேல் அண்ணத்தில் வைத்து அழுத்தினார். மாவு இறுக வேண்டும், ஆடக் கூடாது. அந்த நேரத்தில்தான் அவர் பேச ஆரம்பித்தார். பல் செய்து தருகிற லேப்காரர் கேட்கிற காசுகூட இதில் வராது. போன திட்டத்தில் செய்த வேலைக்கே இன்னும் பணம் வரவில்லை. வாடகை, கரண்டு, இந்தப் பொண்ணுக்குச் சம்பளம்.

"உங்களுக்கு மட்டும் செய்றேம்மா. இது நமக்குள்ள இருக்கட்டும். வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சரியா?"

அக்காவின் தொண்டையில் எச்சில் இறங்கி "ங்க்" என்று ஒரு சத்தம் வந்தது. டாக்டர் திருப்தியோடு தலையாட்டினார்.

புதுப் பல் வந்து சேர்ந்தது. கழற்றி மாட்டுகிற வகை. முதலில் வாயில் யாரோ விருந்தாளி வந்து உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. வீட்டில் பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் பத்து, பதினாலு, பதினேழு, துறைமுகம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கணவர் காதைப் பொத்திக்கொண்டு, பிரேக் மறுபடியும் ஃபெயிலாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் புகார் சொன்னார். நாக்கு தன் சுவரைக் கண்டுபிடித்தது. மாசக் கடைசியில் மேலாளர் மேடைகளில் சுற்றி நின்று கேட்டார். ஓர் எழுத்தும் தப்பவில்லை. பார்சல் ரூம் பேச்சை அவர் எடுக்கவில்லை.

அன்றே, அரசு அறிவிப்பை அடுத்து, நிலையம் முழுவதும் கேட்டது:

"பயணிகள் கவனத்துக்கு. காணாமல் போன பல் டாக்டர் கிடைத்துவிட்டார். பத்தாவது மேடைக்கு எதிரே உள்ள பல் மருத்துவமனையில் அரசு அட்டைக்குப் பல் கட்டப்படுகிறது. கட்டிக்கொண்ட நானே பேசுகிறேன்."

பழக்கடைக்காரம்மாதான் முதல் ஆள். அவளுக்குப் பின்னால் ஒரு போர்ட்டர், இரண்டு கண்டக்டர்கள், யாரோ ஒரு பள்ளி ஆசிரியை. வரிசை மீன் தொட்டியைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. மிஷின் இருக்கிற இழுப்பறை எது என்று அக்கா அவர்களிடம் சொல்லி அனுப்பியிருந்தார்.

டாக்டர் கையுறையைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்து வந்தார்.

"சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டீங்களேம்மா."

"எப்ப டாக்டர்? வாய் நிறைய மாவை வச்சுட்டுக் கேட்டீங்க. நான் எச்சில முழுங்கினேன்."

"இது நியாயமா? கவர்மெண்டு காசு தராது, நான் ஒருத்தனே ஊருக்கெல்லாம் பல்லு கட்டணுமா?"

"நீங்க ஏன் டாக்டர் கட்டணும்? காசு வரலைன்னு ஒரு தாள்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அவங்க எழுதினதப் படிக்கிறேன்ல, அதே மாதிரி மணிக்கொருதரம் உங்களுதையும் படிக்கிறேன்."

டாக்டர் திரும்பிப் போனார். சாயங்காலம் வரவேற்புப் பெண் ஒரு தாளோடு வந்தாள். கையெழுத்து இல்லை. அக்கா திருப்பி அனுப்பினார். கையெழுத்து இல்லாமல் படித்தால் அது வதந்தி, எங்கள் நிலையத்தில் வதந்தி படிப்பதில்லை என்று சொல்லச் சொன்னார். மறுநாள் அதே தாள் மறுபடி வந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள் இருந்தன. ஒன்று எதிர் டாக்டருடையது. இன்னொன்று, செவ்வாய்க்கிழமை விடுமுறை எடுக்கிறவருடையது.

விஷயம் மேலாளருக்கு எப்படியோ தெரிந்து, அவர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து நின்றார். தாளைப் படித்துப் பார்த்தார். நல்ல மனிதருக்கு வேர்த்துவிட்டது.

"அக்கா, இது கவர்மெண்டப் பத்தி. பல்லு வந்துடுச்சுல்ல, விட்டுடுங்க. இதப் படிச்சா நானும் காப்பாத்த முடியாது. நாளைக்கு நீங்க பார்சல் ரூம்லதான்."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கின் கழுத்தைத் தன் பக்கம் வளைத்தார்.

"பார்சல் ரூம் சாவிய எடுத்து வைங்க சார். படிச்சு முடிச்சுட்டு வந்து வாங்கிக்கிறேன்."