மெஷினைக் கழற்றக் கற்றுத்தர ஆள் இல்லை

போன வாரம் முழுக்க எனக்குச் சரியான தூக்கமில்லை. காரணம் - ஒரு காபி மெஷின்!

என் மனைவி ஸ்டெல்லா டீச்சர் வேலையை விட்டுவிட்டு, காரைக்கால் பீச் ரோட்டில் சின்னதாக ஒரு காபி ஷாப் ஆரம்பித்ததை இங்கே பெருமையடித்திருந்தேன் அல்லவா? 'இந்த ஊரில் எஸ்பிரஸோவா?' என்று சிரித்தவர்களே மாலையில் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அந்த நேரம் பார்த்து மெஷின் படுத்துவிட்டது. காபி இறங்கவில்லை... ஓரத்தில் ஆவி மட்டும் சீறுகிறது.

கம்பெனிக்குச் சொன்னோம். மறுநாளே டெக்னீஷியன் போன் செய்து, பீச் ரோட்டில் நிற்பதாகச் சொன்னார். நாங்களும் அங்கேதான் நின்றோம். ஆளைக் காணோம்! அப்புறம்தான் உறைத்தது. மனிதர் புதுச்சேரியின் பீச் ரோட்டில் நிற்கிறார். நம் மாநிலம் புதுச்சேரிதானே என்று, புகாரில் காரைக்காலை எழுதாமல் விட்ட புண்ணியவான் நான். நடுவே கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் கிடக்கின்றன. இனி அடுத்த வாரம்தான் என்றுவிட்டார்.

கடையைப் பூட்டினோம். வாடிக்கை போய்விடுமே என்று நான் புலம்பினேன். ஸ்டெல்லாவோ, ரிப்பேரைத் தானே கற்றுக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டார்.

எங்கே கற்பது? சென்னை, பெங்களூர் என்று விசாரித்தார். பால் நுரையில் இதயம் வரையக் கற்றுத்தருகிறார்கள். இலை, அன்னம்கூட வரையலாம். மெஷினைக் கழற்றிப் பூட்ட? அது கம்பெனி ஆட்களுக்கு மட்டுமாம். எதையும் வாங்க வைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள்... பழுது பார்க்கச் சொல்லித்தர?

கடைசியில் வீடியோ பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரோடு நின்றார். உள்ளே இருப்பது பாய்லர்! குக்கரைத் திறக்கவே தள்ளி நிற்பவன் நான். டெக்னீஷியன் வரும்வரை தொடக்கூடாது என்று கெஞ்சினேன்.

ஒருவழியாக அவர் வந்தார். பையைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா குறுக்கே வந்தார்.

"நீங்க சரி பண்ணிட்டுப் போயிட்டா, அடுத்த தடவையும் நாங்க கடையைப் பூட்டிட்டு உக்காரணும். நான் கழட்டுறேன்... தப்புன்னா சொல்லுங்க தம்பி."

அவர் என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன்.

கரண்டை நிறுத்தி, ஆவியை வெளியேற்றி, பிரஷர் முள் பூஜ்யத்துக்கு வந்து, சூடும் ஆறிய பிறகே தொட வேண்டும் என்றார் அவர். ஸ்டெல்லா காத்திருந்து கழற்றினார். உள்ளே எங்கள் ஊர்த் தண்ணீரின் உப்பு காறைபோல அடைத்திருந்தது. சுத்தம் செய்து, புது ரப்பர் வளையம் போட்டு, ஸ்விட்சைத் தட்டியபோது நான் பிளாட்பாரத்துக்கே போய்விட்டேன். வாசனை வந்த பிறகுதான் உள்ளே எட்டிப் பார்த்தேன். கப்பில் காபி இறங்கிக்கொண்டிருந்தது. கண் கலங்கிவிட்டது எனக்கு.

டெக்னீஷியன் காபியை ருசித்துக் குடித்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நாகப்பட்டினத்துல ஒரு கடையில இதே கம்ப்ளெயின்ட்டுங்க. நான் இப்பவே கடலூர் போயாகணும். நீங்க கொஞ்சம் போய்ப் பாக்குறீங்களா மேடம்?"

ஸ்டெல்லா ஸ்கூட்டர் சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். இதுவரை நான் ஒரு மெஷினுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்!