சுவரோரம் நின்ற அக்கா

அனகாபுத்தூரில் எங்கள் தெருக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் ஆளைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பார்ப்பார்கள். அடையாற்று வெள்ளம் வடிந்த பிறகு வந்த பழக்கம் அது. எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும் தண்ணீர் நின்ற கோடு மங்கலாக மேலே வந்துவிடும். எங்கள் வீட்டில் அது அம்மாவின் கழுத்தளவு இருந்தது. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அந்த வீட்டுக் கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் காபியைக் கையில் வாங்கினார்கள்.

அதனால் அக்காவுக்குத் திருநெல்வேலியில் விலங்கியல் படிக்க இடம் கிடைத்தபோது, அந்த ஊரில் ஆறு உண்டா என்றுதான் அம்மா முதலில் கேட்டாள். உண்டு என்று தெரிந்ததும் முடியவே முடியாது என்றாள். இங்கே எந்தக் கல்லூரியிலும் அக்காவுக்கு அந்தப் பாடம் கிடைக்கவில்லை. மூன்று நாள் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் அம்மா கொஞ்சம் இறங்கி வந்து அத்தாவிடம் சொன்னாள்:

"நீங்க போய் ஹாஸ்டல் சுவத்தப் பாத்துட்டு வாங்க. தண்ணி ஏறின எடம்னா இவ இங்கியே இர்க்கட்டும்."

அத்தா பல்லாவரத்தில் பெயிண்ட் கடை வைத்திருந்தார். சுவர் விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. அவரும் அக்காவும் தாம்பரத்தில் ரயிலேறியபோது, எட்டு வயதான நானும் அழுது அடம்பிடித்து ஒட்டிக்கொண்டேன்.

ஊர் எனக்குப் பிடித்துப்போனது. பஸ் முழுக்க நோட்டுப் புத்தகங்களோடு அக்காமார்கள். ஆற்றில் ஆட்கள் சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஆற்றில் கால் வைத்தால் அம்மா தோலை உரித்துவிடுவாள். ஆகவே இது ஆறே இல்லை என்று முடிவு கட்டினேன். அத்தாவோ ஆட்டோக்காரர், பழக்கடைக்காரர் என்று கண்ணில் பட்டவரிடமெல்லாம் வெள்ளத்தைப் பற்றியே விசாரித்தார்.

"ஆறுன்னா தண்ணி வரத்தானே செய்யும் அண்ணாச்சி. வந்தா போயிரும்," என்றார் டீக்கடைக்காரர். அக்கா டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டாள்.

ஹாஸ்டல் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தது. வார்டன் அறையில் நாலா பக்கமும் பீரோக்கள். இரண்டு பீரோவுக்கு நடுவில் மட்டும் கொஞ்சம் சுவர் தெரிந்தது. அக்கா நேராக அங்கே போய்ச் சாய்ந்து நின்றுகொண்டாள். வார்டன் உட்காரச் சொன்னார், மாட்டேன் என்றாள். எனக்குப் பாவமாக இருந்தது. உட்காருக்கா என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் நகர்ந்த இடத்தில் என் தோளளவுக்கு ஒரு கோடு ஓடியது.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அத்தா கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வார்டன் பக்கம் திரும்பி, இங்கே சாப்பாட்டில் மீன் போடுவார்களா என்று கேட்டார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே வந்ததும் அவள் முதுகில் ஒட்டியிருந்த சுண்ணாம்பைத் தட்டிவிட்டார்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கேட்டாள்.

"நல்லா பாத்துட்டேன். சுவரெல்லாம் சுத்தமா கீது," என்றார் அத்தா.

நான் வாயைத் திறப்பதற்குள் என்னைப் பால் வாங்கக் கடைக்கு விரட்டினார். அக்கா அங்கே படித்த மூன்று மழைக்காலமும் அம்மா தூங்கினாள், அத்தா தூங்கவில்லை. அதையெல்லாம் கவனிக்கும் வயது எனக்கு அப்போது இல்லை.

பாலோடு திரும்பி வந்தபோது அக்கா சமையலறையில் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தா பொய் சொன்னதைத் தாங்க முடியாமல்தான் அழுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஆதரவாக நானும் இரண்டு நாள் அத்தாவோடு பேசவில்லை.